லெந்து என்னும் வசந்தம்: கரிசல் நாட்டில் திருச்சபை ஆண்டு

நம் சபைகளில் ஆண்டுதோறும் சாம்பற்புதனன்று தொடங்கி ஈஸ்டர் வரை அனுசரிக்கப்படும் நாற்பது நாட்களை "லெந்து நாட்கள்" என்று அழைக்கிறோம். தபசுகாலம் என்னும் பெயரும் வழக்கில் உண்டு. எனினும் திருநெல்வேலி நாட்டுச் சபைகளில் லெந்து என்னும் சொல்லே ஆழமாக வேரூன்றிவிட்டது. எழுத்தறியாத மூதாட்டியும் "லெந்து பிறந்துவிட்டது; வீட்டில் கறி கிடையாது" என்று சொல்லுமளவுக்கு அது தமிழ்ச் சொல்லாகிவிட்டது. ஆனால் அச்சொல்லின் பொருள் யாது என்று வினவுவோர் மிகச் சிலரே.

பழைய ஆங்கிலத்தில் அது வசந்த காலத்தைக் குறித்த சொல். குளிர்காலம் கழிந்து பகற்பொழுது நீளத் தொடங்கும் பருவம் என்பதே அதன் அடிப்பொருள். டச்சு மொழியில் இன்றும் "லெந்தே" என்றால் வசந்தமேயன்றி உபவாசமன்று. இலத்தீன் திருச்சபை இக்காலத்தை நாற்பது என்னும் எண்ணால் அழைத்தது. ஜெர்மானியர் நோன்பினால் அழைத்தனர். ஆங்கிலேயர் மட்டுமே பருவத்தின் பெயரையே நோன்புக்கு இட்டனர். அப்பெயரைத்தான் ஆங்கில மிஷனெரிமார் நமக்குக் கொண்டுவந்தனர். ஆகவே வெம்பக்கோட்டை வட்டாரத்துச் சிற்றூர் ஆலயம் ஒன்றில் உபதேசியார் எழுந்து "வருகிற புதன்கிழமை லெந்து ஆரம்பம்" என்று அறிவிக்கும்போது, தம்மை அறியாமலேயே வட ஐரோப்பாவின் வசந்தத்தையும் அறிவிக்கிறார். அந்த வசந்தம் கரிசல் நாட்டில் எப்பருவத்தைச் சந்தித்தது, சந்தித்தபின் என்ன ஆயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஒரு பெரியவரின் கேள்வி. இறையியல் மாணவனாயிருந்த நாட்களில் வெம்பக்கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு சபையில் ஈஸ்டர் பிரசங்கம் செய்ய அனுப்பப்பட்டேன். படித்த நூல்களின் பலத்தில், உறைபனி உருகி, பட்டுப்போனதுபோல் நின்ற மரங்கள் துளிர்க்கும் வசந்தத்தை உயிர்த்தெழுதலுக்கு ஒப்பிட்டு மிக உருக்கமாகப் பேசினேன். ஆராதனை முடிந்ததும் பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு விவசாயி அருகில் வந்து, "தம்பி, வசந்தம் வசந்தம்னு சொன்னீங்களே, அது நமக்கு எந்த மாசம்?" என்று கேட்டார். அவர் ஏளனம் செய்யவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டார். என்னிடம் விடை இல்லை. வெளியே பங்குனி வெயில் கண்ணைக் கூசச் செய்தது. ஆலயத்தைச் சுற்றியிருந்த கரிசல், கை நுழையுமளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

வெம்பக்கோட்டை வைப்பாற்றின் கரைப்பகுதி. மேற்குத்தொடர்ச்சி மலையில் பிறந்து மன்னார் வளைகுடாவை அடையும் இவ்வாறு, ஆண்டின் பெரும்பகுதியும் மணலாகவே கிடக்கும். ஆண்டு மழை எண்ணூறு மில்லிமீட்டர் அளவே. அதிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. அம்மழையை நம்பி விதைப்பு. அம்மழை நின்றபின் மண்ணில் தங்கிய ஈரத்தையும் பனியையும் நம்பி விளைச்சல். தை, மாசியில் தானியமும் பயறும் வீடு வரும். பருத்தியும் மிளகாயும் அதன்பின்னும் தொடரும். பின்பு நிலம் காயத் தொடங்கும். இங்கே பகற்பொழுது நீள்வதைக் கொண்டு பருவ மாற்றத்தை எவரும் உணர்வதில்லை. இலண்டனில் ஆண்டின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் இடையே ஏறக்குறைய எட்டே முக்கால் மணி நேர வேறுபாடு உண்டு. வெம்பக்கோட்டையில் அவ்வேறுபாடு ஒரு மணி நேரத்திற்குச் சற்றே கூடுதல். பகல் நீளும் பருவம் என்னும் பொருளில் லெந்து என்று பெயரிட இந்நாட்டில் ஒருவருக்கும் தோன்றியிருக்க முடியாது.

இங்குப் பருவம் மாறுவதைக் காட்டுவது பனி. முன்பனிக் காலத்தில் இரவின் முற்பகுதியிலும், பின்பனிக் காலத்தில் இரவின் பிற்பகுதியிலும் பனி மிகும் என்று நம் முன்னோர் நுணுகிக் கண்டு பெயரிட்டனர். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது இன்றும் வழங்கும் பழமொழி. மாசி, பங்குனி இரண்டும் பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். விடியலில் பனியும் நண்பகலில் தீ வெயிலுமாக ஒரே நாளில் இரு பருவங்களைக் காண்பது மாசி மாதத்தின் இயல்பு. வேம்பு அப்பொழுது இலையுதிர்த்துச் செந்தளிர் விடும். பங்குனி, சித்திரையில் பூக்கும். வெம்பக்கோட்டை என்னும் பெயரில் வேம்பு இருக்கிறதோ இல்லையோ, ஊரில் வேம்பு நிறைய உண்டு. துளிர்க்கும் மரத்தைத்தான் காட்டவேண்டுமென்றால் அன்று நான் சன்னலுக்கு வெளியே கையை நீட்டியிருக்கலாம். நூலறிவு அதற்கு இடங்கொடுக்கவில்லை.

ஈஸ்டர் நாளைக் குறிக்கும் முறையையும் ஈண்டு நோக்க வேண்டும். கி.பி. 325இல் கூடிய நிக்கேயா சங்கம், எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஈஸ்டரைக் கொண்டாட வேண்டுமென முடிவு செய்தது. பகலும் இரவும் சமமாகும் மார்ச்சு 21ஆம் நாளையொட்டியோ அதன்பின்னோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்னும் கணக்கு பின்னர் நிலைபெற்றது. மார்ச்சு 21 என்பது பங்குனி 7ஐ ஒட்டியது. ஆகவே ஈஸ்டருக்கு அடிப்படையான பௌர்ணமி பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமியே. சில ஆண்டுகளில் மட்டுமே சித்திரையின் முதல் நாட்களுக்குத் தள்ளிப்போகும். பங்குனி உத்திரத்துக்கு மலையேறுவோரும், விருதுநகரில் பங்குனிப் பொங்கலுக்குக் கூடுவோரும், பெரிய வெள்ளிக்கு ஆலயம் செல்வோரும் ஏறத்தாழ ஒரே நிலவொளியில் நடக்கின்றனர். இதில் கடன்கொடுத்தவரும் இல்லை, கடன்வாங்கியவரும் இல்லை. விளைச்சல் வீடு வந்தபின் வரும் முழுநிலவைப் பழங்கால மக்கள் பலரும் தத்தம் வழியில் சிறப்பித்தனர் என்பதே உண்மை.

எபிரெயரின் பஸ்கா ஆபீப் மாதத்துக்குரியது. ஆபீப் என்றால் இளங்கதிர். வாற்கோதுமை கதிர் முற்றும் நாட்களில் அப்பண்டிகை வரும். பலஸ்தீனாவில் மழை ஐப்பசியையொட்டித் தொடங்கிப் பங்குனியோடு முடியும். குளிர்காலமும் மழைக்காலமும் அங்கே ஒன்றே. உறைபனியால் மூடுண்ட குளிர்காலம் வேதாகம ஆசிரியர்களின் அன்றாட அனுபவமன்று. இதை நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் எவ்வளவு செம்மையாக உணர்ந்திருந்தனர் என்பதைக் காணும்போது வியப்பு மேலிடுகிறது. ஹென்றி பவர் ஐயர் தலைமையில் திருத்தப்பெற்று 1871இல் வெளிவந்த திருப்புதலை வழியாகக் கொண்டு நம் சபைகள் வாசிக்கும் வேதாகமத்தில், ஆங்கிலத்தில் குளிர்காலம் என்று நிற்கும் இடங்களில் "மாரிகாலம்" என்னும் சொல் நிற்கிறது. நோவாவுக்கு அளித்த வாக்குத்தத்தத்தில் கோடைக்கு இணையாக வருவது மாரிகாலம். உன்னதப்பாட்டின் இரண்டாம் அதிகாரத்தில் கடந்துசெல்வது மாரிகாலம். யோவான் பத்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் தேவாலய மண்டபத்தில் உலாவுவதும் மாரிகாலத்தில். யோவான் எழுதிய கிரேக்கச் சொல் புயலையும் குளிர்காலத்தையும் ஒருங்கே குறிப்பது. எனவே மாரி என்று பெயர்த்தது மூலத்தைவிட்டு விலகுவதன்று. மூலத்துக்கு ஆங்கிலத்தைவிட நெருங்கிச் செல்வதாகும்.

ஆக, வேதாகமத்தைப் பெயர்த்தவர்கள் பருவத்தைச் சரியாகப் பெயர்த்தனர். திருச்சபை ஆண்டைக் கொண்டுவந்தவர்கள் பருவத்தைப் பெயர்க்காமல் அப்படியே இறக்கிவைத்தனர். என் இளமைப் பிரசங்கம் வேதாகமத்திலிருந்து பிறந்ததன்று. ஆங்கிலத் தோட்டமொன்றிலிருந்து பிறந்தது. கரிசல் விவசாயி பலஸ்தீன விவசாயிக்கு அண்டை வீட்டுக்காரர். மழைக்கு விதைத்து, மழை ஓய்ந்தபின் அறுத்து, அதன்பின் காய்ச்சலைக் காண்பவர் இருவரும். ஒரு வேற்றுமை உண்டு: பலஸ்தீனாவில் பஸ்காவுக்கு முன் பின்மாரி பெய்து கதிரை முற்றச் செய்யும், இங்குப் பங்குனியில் மழையை எவரும் எதிர்பார்ப்பதில்லை. வந்தால் பறிக்காத பருத்தி நனையும்.

அறுப்பின் பண்டிகை விஷயத்தில் நிலம் வென்றது. இங்கிலாந்தில் இப்பண்டிகையின் தற்கால வடிவம் 1843இல் கார்ன்வால் நாட்டு மார்வென்ஸ்டோ என்னும் ஊரில் ஹாக்கர் என்னும் குருவானவரால் தொடங்கப்பட்டது என்பர். அங்கே அது புரட்டாசி, ஐப்பசியில் வரும். அம்மாதங்களில் கரிசலில் விதைப்பு நடக்கும். விதைக்கும் நாளில் அறுப்புக்கு நன்றி சொல்வது எப்படி? நம் சபைகள் தத்தம் விளைச்சலுக்கு ஏற்ப நாளை மாற்றிக்கொண்டன. சபைக்குச் சபை நாள் வேறுபடுவதன் காரணமும் இதுவே. லெந்துவை அவ்வாறு மாற்ற இயலாது. அது நிலவோடு கட்டுண்டது.

இப்பகுதியின் சபை வரலாறும் பருவங்களின் வரலாறாகவே தொடங்கியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் சிறப்புற்று, கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராயிருந்த தாமஸ் ராக்லண்டு ஐயர், சென்னையில் சி.எம்.எஸ். சங்கத்தின் காரியதரிசிப் பணியை விட்டு, 1854இல் டேவிட் ஃபென், மெடோஸ் என்னும் இருவரோடு வட திருநெல்வேலிக்கு வந்தார். சிவகாசியைச் சுற்றிய இந்நாட்டில் அன்று கிறிஸ்தவர் மிகச் சிலரே. பங்களா கட்டி அமர்ந்து மக்களை வரச்செய்யும் முறையை விடுத்து, கூடாரங்களோடு ஊர் ஊராகச் செல்லும் முறையை அவர் மேற்கொண்டார். தென் திருநெல்வேலிச் சபைகள் தம் உபதேசியார்களை மாதம் ஒருவராக முறைவைத்து அனுப்பிச் செலவையும் தாமே ஏற்றன. தமிழ்ச் சபைகள் தாமே பொறுப்பேற்றுத் தம் எல்லைக்கு வெளியே ஆளனுப்பிய முன்முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது; ராக்லண்டின் புகழில் இவ்வுபதேசியார்களின் பெயர்கள் மறைந்துபோனது நம் வரலாற்றெழுத்தின் குறைகளுள் ஒன்று.

அந்த உபதேசியார்கள் தேரி மணலிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய ஊரில் ஆண்டின் கணக்கு பனையைக் கொண்டது. பனி விலகி வெயில் ஏறும்போது பாளை சீவத் தொடங்குவர். பதநீர் இறங்கும் மாதங்களே உழைப்பின் மாதங்கள். கரிசலுக்கு வந்தபோது அவர்கள் வேறொரு பஞ்சாங்கத்தைக் கண்டிருப்பர். ஐப்பசி மழையில் கரிசல் களியாகிக் காலைப் பற்றும். வண்டிச் சக்கரம் குடம்வரை இறங்கும். கூடார முளை நிற்காது. மழை ஓய்ந்து நிலம் இறுகியபின்புதான் வண்டிப்பாதைகள் திறக்கும். மாசி, பங்குனியில் மக்கள் விளைச்சல் வேலை தணிந்து களத்துமேட்டிலும் சாவடியிலும் அமர்ந்திருப்பர். பேச வருபவருக்கு அதுவே வாய்ப்பான காலம். ஆனால் நண்பகல் வெயிலில் துணிக்கூடாரம் அடுப்பாகிவிடும். ஏற்கெனவே நுரையீரல் நலிந்திருந்த ராக்லண்டு ஐயர் நான்கே ஆண்டுகள் இவ்வாழ்வைத் தாங்கினார். 1858 அக்டோபரில், தம் 43ஆம் வயதில், சிவகாசியில் காலமானார். கரிசலில் அது விதைப்புக் காலம்.

மாரிகாலம் வராத ஆண்டும் உண்டு. 1876இல் பருவமழை பொய்த்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் சாத்தூர், கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிவரை இருப்புப்பாதை திறக்கப்பட்டிருந்தது. பருத்தியை வெளியே கொண்டுசெல்ல வந்த அப்பாதையில் பஞ்சகாலத்தில் தானியம் உள்ளே வந்தது. 1877, 78ஆம் ஆண்டுகளில் திருநெல்வேலியில் கால்டுவெல் அத்தியட்சரின் எஸ்.பி.ஜி. சபைகளை மட்டும் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் நாடிவந்தனர். அவர்களை அரிசிக் கிறிஸ்தவர் என்று இகழ்வது எளிது. நிவாரணம் வழங்கியோர் சாதி பாராமல் வழங்கினர் என்பதைக் கண்டு வந்தவர் பலர் என்பதையும், பஞ்சம் நீங்கியபின்னும் நிலைத்தவர் பலர் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இனி, லெந்து என்னும் பெயரை விட்டு அதன் உள்ளடக்கத்துக்கு வருவோம். அக்காலத்தின் மையம் வசந்தமன்று. வனாந்தரத்தில் ஆண்டவர் கழித்த நாற்பது நாட்கள். யூதேயாவின் வனாந்தரம் என்பது மரமடர்ந்த வனமன்று. நீரற்ற கல்லும் வெயிலும். தமிழில் அதற்குரிய திணை பாலை. தொல்காப்பியர் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் வகுத்தபின், பின்பனியும் அதற்கு உரியதென்று கூறுகிறார். இச்செய்தி நம் இறையியலாரின் கவனத்தைப் போதிய அளவு பெறவில்லை என எண்ணுகிறேன். குளிர்ப்பருவத்தின் முடிவை வட ஐரோப்பியர் மகிழ்ச்சியின் தொடக்கமாகக் கண்டனர். தமிழ் மரபு அதைப் பிரிவின் காலமாக, வழிநடையின் காலமாக, பாலையின் வாயிலாகக் கண்டது. மாசி பிறந்ததும் வரும் நாற்பது நாட்களுக்கு இலக்கணப்படி உரிய திணை பாலையே. ஆங்கிலப் பெயர் கரிசலில் பொருளிழந்தது. ஆனால் பெயர்க்கு உள்ளேயிருந்த சுவிசேஷக் கதை தனக்குரிய பருவத்தை இங்கேதான் அடைந்தது. அப்பெரியவருக்கு அன்றே இதைச் சொல்லியிருப்பேன். அன்று எனக்குத் தெரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்நாட்டின் ஆண்டு மீண்டும் மாற்றி எழுதப்பட்டது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினர். பட்டாசும் அச்சும் பின்தொடர்ந்தன. விவசாயிக்குச் சாபமாயிருந்த வறட்சியே இத்தொழிலுக்கு மூலதனமாயிற்று. தீக்குச்சி காயவும், வெடி காயவும் வெயில் வேண்டும். மழையில் வேலை நிற்கும். தீபாவளி முடிந்து, மழை முடிந்து, தை பிறந்தபின் வெயில் ஏற ஏற உற்பத்தி ஏறும். வெம்பக்கோட்டையைச் சுற்றிய ஊர்களில் மாசி என்பது அறுவடை ஓயும் மாதம் என்பதோடு ஆலை வேலை சூடுபிடிக்கும் மாதம் என்றும் ஆயிற்று. காய்ந்த காற்றிலும் வெயிலிலும் மருந்துக் கலவையைக் கையாள்வதன் அபாயம் தொழிலாளர் அனைவரும் அறிந்ததே. வெயில் ஏறுமுன் கலவை வேலையை முடித்துவிட வேண்டும் என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உராய்வு ஒன்று போதும். எனினும் எல்லா விபத்துக்களையும் வெயிலின்மேல் சுமத்துவது பருவத்துக்கு இழைக்கும் அநீதியாகும். 2012இல் முதலிப்பட்டியில் 38 பேரைப் பலிகொண்ட பெருவிபத்து நிகழ்ந்தது செப்டம்பர் 5ஆம் நாள். அனுமதித்த அளவுக்கு மேல் மருந்தும் ஆட்களும் ஓரிடத்தில் குவிவது எம்மாதத்திலும் கொல்லும்.

ஆனால் திருச்சபை ஆண்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர் இரு நாட்களைக் கடந்துசெல்ல முடியாது. 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, சாத்தூருக்கு அருகில் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் ஏற்பட்ட வெடிவிபத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஐந்தாம் நாள் சாம்பற்புதன். நீ மண்ணாயிருக்கிறாய் என்பதை நினைவூட்டிச் சாம்பலைப் பேசும் ஆராதனைக்குச் சிலர் அடக்க வீட்டிலிருந்தும் சிலர் மருத்துவமனை வாசலிலிருந்தும் வரவேண்டிய புதன் அது. 2024 பிப்ரவரி 17, சனிக்கிழமை, வெம்பக்கோட்டையை அடுத்த ராமுதேவன்பட்டியில் 10 பேர் மாண்டனர். அது சாம்பற்புதனுக்குப்பின் வந்த முதற்சனி. மறுநாள் லெந்துவின் முதல் ஞாயிறு. அந்த ஞாயிற்றுக்கு மரபாகக் குறிக்கப்பட்ட வாசகம், வனாந்தரத்தில் ஆண்டவர் சோதிக்கப்பட்டது. கற்களை அப்பமாக்கும்படி கேட்கப்படும் அப்பகுதியை, கூலிக்காக வெடிமருந்தைத் தொடும் ஊர்களில் வாசிப்பது வேறு. மற்ற ஊர்களில் வாசிப்பது வேறு.

வெம்பக்கோட்டைக்கு அருகில் விசயகரிசல்குளத்து மேட்டில் தமிழகத் தொல்லியல் துறையினர் 2022 மார்ச்சில் அகழத் தொடங்கினர். பங்குனியில் குழி திறந்து, புரட்டாசியில், மழைக்குமுன், முதற்கட்டத்தை முடித்தனர். அவர்களும் கரிசலின் பஞ்சாங்கத்துக்கே பணிந்தனர். சங்கு வளையல்களும், மணிகளும், சுடுமண் உருவங்களும் அங்கே கிடைத்தன. கைத்தொழிலாளர் இந்த ஆற்றங்கரையில் நெடுங்காலமாக வாழ்ந்துள்ளனர் என்பதற்கு அவை சான்று.

இப்பகுதிச் சபைகளின் வரலாற்றை எழுத முற்படும் மாணவர் எவரேனும் இருப்பின் அவருக்கு ஒரு வேண்டுகோள். மிஷனெரிமாரின் வரலாறுகள் அச்சில் உள்ளன. அவற்றை எங்கும் பெறலாம். சபைகளின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் எடுத்து, ஆண்டுவாரியாக அன்றி மாதவாரியாகப் பகுத்துப் பாருங்கள். மழை பொய்த்த ஆண்டின் தை எப்படியிருந்தது, பருத்தி விலை ஏறிய ஆண்டின் பங்குனி எப்படியிருந்தது, ஆலைகள் வந்தபின் மாசியில் அடக்கம் செய்யப்பட்டோரின் வயது என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். தொழில் என்னும் கட்டத்தில் "கூலி" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், அந்த வீட்டுக்குச் சென்று எந்த வேலை என்று கேளுங்கள்.